தலைவர் அனுப்பிய ஆள்

வெளிநாட்டுக்காரர்களின் ஆராய்ச்சிகளுக்காக ஊர் ஊராகப் போய்க் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த காலம் முழுவதும் லினெஸ் ஒரே புலம்பலைத்தான் புலம்பினாள். இவர்களுக்கு ஒரு ஊருக்குள் எப்படி நுழைவது என்று தெரியவில்லை. ஜீப்பைக் கொண்டுபோய் நேராகச் சோளம் காயும் முற்றத்தில் நிறுத்துவார்கள். ஊர்த்தலைவரைப் பார்ப்பதற்கு முன்பே வீடுகளைப் படம் பிடிப்பார்கள். நின்ற வாக்கிலேயே பெரியவர்களிடம் பேசுவார்கள். அப்புறம், ஊர் வாயே திறக்கவில்லையே என்று ஆச்சரியமும் படுவார்கள். வேலை முடிந்ததும் விமானம் ஏறிவிடுவார்கள். யார் எந்த நோயில் செத்தார்கள், எந்தத் தாய்க்கு எத்தனை பிள்ளை தங்கியது என்ற ஊர்ச் சங்கதி எல்லாம் அவர்கள் பெட்டியோடு கடல் தாண்டிப் போகும். வெயிலில் நடந்தவள் லினெஸ். புத்தகமாக வரும்போது அவள் பெயர் கடைசிப் பக்கத்தில், ஜீப் ஓட்டியவர் பெயருக்குப் பக்கத்தில், நன்றி என்ற தலைப்புக்குக் கீழே கிடக்கும்.

அந்த எரிச்சலில் பிறந்ததுதான் ‘இஃபே தொம்வே’. ‘நாமேதான்’ என்று பொருள். ஜோம்பா நகரத்துச் சந்தைக்குப் பின்னால் ஒரு தையற்கடைக்கு மேலே இரண்டு அறைகள். மருத்துவத் திட்டங்கள் ஜனங்களுக்கு நிஜமாகவே உதவுகின்றனவா, இல்லை சுவரொட்டியில் மட்டும்தான் உதவுகின்றனவா என்று ஊர்க்காரர்களே போய்க் கேட்டு, ஊர்க்காரர்களுக்கே சொல்வது அதன் வேலை. கூட்டாளி ஹேஸ்டிங்ஸ். அவனும் அதே வெளிநாட்டு வேலையில் கணக்குப் பார்த்தவன். இருந்த வேலையை விட்டுவிட்டு லினெஸை நம்பி வந்தவன். அவன் மனைவி அதற்காக இன்னும் லினெஸோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

முதல் வேலை லேசில் வரவில்லை. வந்தபோது பெரிதாகவே வந்தது. ஏரிப் பக்கம் நம்பிரா என்ற ஊர். அதன் தலைவர் மக்வெம்பா ஒரு சட்டம் போட்டிருந்தார்: இனி எந்தப் பெண்ணும் வீட்டில் பிள்ளை பெறக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். மீறினால் ஒரு ஆடு அபராதம். தாய்மார் சாகக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் போட்ட சட்டம்தான். அவருடைய சொந்தத் தங்கையே பிரசவத்தில் போனவள். அந்தச் சட்டம் பலன் தருகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். தருகிறது என்றால் சுற்றியுள்ள எல்லா ஊர்களுக்கும் அதையே கொண்டுபோவதாகப் பணம் கொடுக்கும் அமைப்பு சொல்லியிருந்தது. ‘இஃபே தொம்வே’யின் தொடக்க விழாவிலேயே முடிவை அறிவித்துவிடலாம் என்றும் பேச்சு.

நம்பிராவுக்குள் லினெஸ் நுழைந்த விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். வண்டியை ஊருக்கு வெளியே மரத்தடியில் விட்டுவிட்டு நடந்து போனாள். இடுப்பில் சித்தெஞ்சே துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு, தலைவர் வீட்டு வாசலில் மண்டியிட்டு, இரண்டு கையையும் குவித்து, அந்தப் பக்கத்து வணக்க முறைப்படி மெல்லத் தட்டினாள். சர்க்கரையும் உப்பும் கொண்டுபோயிருந்தாள்.

“பாத்தீங்களாடா, இதான் வளர்ப்பு!” என்று மக்வெம்பா சுற்றியிருந்தவர்களிடம் சொன்னார். “போன தடவ ஒருத்தன் வந்தான். தொப்பியக்கூட கழட்டல. எங்கிட்டயே நீங்க யாருன்னு கேக்குறான். நீ எந்த ஊருப் பொண்ணும்மா?”

“மலைக்கு அந்தப் பக்கம், தலைவரே. எங்க அம்மா வழி தொங்க்வே குலம்.”

“அப்ப நம்ம பொண்ணுதான். டேய் சைமோனி, நீ கூடப் போ. வீடு வீடாக் காட்டு. நாய் கடிச்சுறாமப் பாத்துக்க.”

சைமோனி தலைவரின் ஆள். பெருத்த உடம்பு, ஓயாத வாய், எப்போதும் கையில் ஒரு கரும்புத் துண்டு. ஊரில் அபராத ஆட்டை வீட்டு வாசலிலிருந்து அவிழ்த்துக்கொண்டு போகிறவனும் அவனேதான்.

அவனை வேண்டாம் என்று சொல்வதும் தலைவர் முகத்தில் கதவைச் சாத்துவதும் ஒன்றுதான். வெளிநாட்டுக்காரர்களாக இருந்தால் கூச்சமே இல்லாமல் சொல்லியிருப்பார்கள், பெண்களிடம் தனியாகப் பேச வேண்டும், உங்கள் ஆள் வேண்டாம் என்று. மரியாதை தெரியாததில் அப்படி ஒரு வசதி உண்டு. லினெஸுக்கு மரியாதை தெரியும். இன்னொரு முறை கை தட்டி நன்றி சொல்லிவிட்டு சைமோனியின் பின்னால் நடந்தாள்.

வீடு வீடாகப் பாய் விரித்தார்கள். பேசி முடித்தவர்களுக்கு வழக்கம்போல ஒரு சோப்புக் கட்டி. “சோப்பக்கா வந்துட்டாங்க, மூஞ்சியக் கழுவிட்டு வாங்கடி!” என்று பெண்கள் ஒருத்தியை ஒருத்தி சீண்டிக்கொண்டார்கள். சிரிப்புக்குக் குறைவில்லை. கேள்வி வந்ததும் மட்டும் ஒரே பதில். கடைசிப் பிள்ளை எங்கே பிறந்தது? ஆஸ்பத்திரியில். உன் பிள்ளை? ஆஸ்பத்திரியில். பாயின் ஓரத்தில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்த சைமோனி ஒவ்வொரு பதிலுக்கும் தலையை ஆட்டினான்.

எனிஃபா என்ற சின்னப் பெண்ணின் வீட்டில் பிறந்து சில நாளே ஆன ஆண் குழந்தை இருந்தது. கேள்வி வந்ததும் அவள் லினெஸைத் தாண்டி, சைமோனி இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு, “ஆஸ்பத்திரிலதான் அக்கா,” என்றாள்.

“ஆஸ்பத்திரிப் புத்தகம் எங்க, காட்டு.”

“எலி தின்னுருச்சு.”

“நம்பிரா எலிக்குப் படிப்பு மேல அவ்ளோ ஆசை!” என்று சைமோனி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். குழந்தை காலை உதைத்தது. சுற்றியிருந்த துணி விலகியது. தொப்புளில் கறுப்பு நூல் கட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் நூல் கட்ட மாட்டார்கள். பிளாஸ்டிக் கிளிப் போடுவார்கள். பழந்துணியிலிருந்து உருவி எடுத்த நூல் அது. அந்த அழுக்கு தொப்புள் வழியே ஏறினால் ரண ஜன்னியில் கொண்டுபோய் விடும் என்றும் இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்தவளுக்குத் தெரியும்.

லினெஸ் சட்டென்று கையை நீட்டித் துணியை இழுத்து மூடினாள். சைமோனி பார்க்கவில்லை. எனிஃபா பார்த்தாள். இரண்டு பேர் கண்ணும் ஒரு கணம் சந்தித்துக்கொண்டன. லினெஸ் ‘ஆஸ்பத்திரி’ என்று குறித்துக்கொண்டு, சோப்பைக் கொடுத்துவிட்டு எழுந்தாள். பாவம், ஒரு ஆட்டைக் காப்பாற்றிக் கொடுத்தோம் என்று நடந்துபோகையில் தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜோம்பாவுக்குத் திரும்பியதும் ஹேஸ்டிங்ஸ் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லித் தாயை அழைப்பது அவர்கள் பழக்கம். “தடாலாம்மா, ஒரு பொண்ணுகூட வீட்ல பெக்கலையா? இவ்ளோ சுத்தமா நான் எதையும் பாத்ததில்ல.”

“அப்படித்தான் சொன்னாங்க.”

“நீங்க நேர்ல பாத்தவங்க. நம்பலாமா?”

அங்கேதான் சொல்லியிருக்கலாம். நூலைப் பற்றி ஒரு வார்த்தை. இன்னொரு முறை தனியாகப் போய் வருகிறேன் என்று ஒரு வார்த்தை. ஆனால் விழாவுக்குத் துணி அச்சடிக்கக் கொடுத்தாகிவிட்டது, கூடாரம் சொல்லியாகிவிட்டது, அதிகாரிகள் வருவதாக ஒத்துக்கொண்டாகிவிட்டது. முடிவும் பார்க்க லட்சணமாக இருந்தது. “நம்பலாம்,” என்றாள் லினெஸ்.

விழாவுக்கு முன் தலைவரை முறையாக அழைக்க வேண்டுமே. ‘இஃபே தொம்வே’ என்று பெயர் அச்சடித்த புத்தம் புதுத் துணியை மடித்து எடுத்துக்கொண்டு லினெஸ் மறுபடி நம்பிராவுக்குப் போனாள். ஊருக்குள் திரும்பும் இடத்தில் எதிரே ஒரு பெண்கள் கூட்டம் வந்தது. தோளில் மண்வெட்டி. கையிலும் காலிலும் செம்மண். கூட்டத்தில் ஒரு ஆண்கூட இல்லை. யாரும் வாய்விட்டு அழவும் இல்லை.

எங்கிருந்து வருகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. தொப்புள் காய்வதற்கு முன் ஒரு குழந்தை செத்தால் ஆண்கள் இடுகாட்டுக்கு வருவதில்லை. பெண்களே குழி வெட்டி, பெண்களே மூடி, சத்தமில்லாமல் வீடு திரும்புவார்கள். ஊர்க் கணக்கில் அப்படியொரு சாவு சேராது. கடைசியாக எனிஃபாவும், அவளைத் தோளில் தாங்கிக்கொண்டு அவள் அம்மாவும் வந்தார்கள்.

லினெஸ் அந்த மண்ணிலேயே மண்டியிட்டாள். “என்னாச்சு அம்மா?”

“பால் குடிக்க வாயத் தொறக்கல,” என்றாள் எனிஃபாவின் அம்மா. “அப்புறம் ஒடம்பு வில்லா வளைஞ்சிருச்சு. தொட்டாலே வெறச்சுக்கும். ரெண்டு நாள் அப்படிக் கெடந்துச்சு.”

“ஆஸ்பத்திரிக்கு ஏன் தூக்கிட்டுப் போகல?”

அந்தக் கேள்வியை அவள் கேட்டிருக்கவே கூடாது. அம்மாக்காரி லினெஸை ஏற இறங்கப் பார்த்தாள். “எந்தப் புத்தகத்தக் காட்டித் தாயி? எங்க பொறந்துச்சுன்னு நர்ஸம்மா கேப்பாங்க. சாயங்காலத்துக்குள்ள சைமோனி வாசல்ல நிப்பான். எங்ககிட்ட இருக்குறதே ஒரு ஆடு. இவ என்ன வேணும்னா வீட்ல பெத்தா? அன்னிக்கு அந்த மழையில ஆத்தத் தாண்ட முடியல.”

எனிஃபா அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது நிமிர்ந்தாள். “நீ பாத்தல்ல அக்கா,” என்றாள். “நூலப் பாத்துட்டுத்தான மூடுன. நீ ஆஸ்பத்திரி வேல தெரிஞ்சவ. பாத்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போறியேன்னு, அப்ப சரி, பயமில்ல போலன்னு நெனச்சேன்.”

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் லினெஸ் தாங்கியிருப்பாள். தலைவருக்குக் கொண்டுவந்த துணியை என்ன செய்தாள், அவரிடம் என்ன பேசினாள் என்றெல்லாம் அவளுக்குப் பிறகு நினைவு வரவில்லை. வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு தலையிலே அடித்துக்கொண்டது மட்டும் நினைவிருந்தது. தடுக்க முடிந்த சாவு. ஒரு வார்த்தை போதும். இரவோடு இரவாகத் தானே வண்டியில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோயிருக்கலாம். தொப்புளைப் பார்த்த கண் அவளுடையது, மூடிய கை அவளுடையது.

ஹேஸ்டிங்ஸிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் கணக்கு நோட்டை மூடி வைத்தான்.

“இப்ப என்ன பண்ணலாம்னு சொல்றீங்க?”

“விழால சொல்லிர்றேன். நம்ம முடிவு தப்புன்னு.”

“முதல் மேடைலயேவா? நாங்க கேட்டதே தப்பு, எங்களுக்கு வேல தெரியாதுன்னு சொல்லியா கடை திறக்கறது?” அவன் எழுந்து ஜன்னலுக்குப் போய்த் திரும்பி வந்தான். “கொஞ்சம் பொறுங்க தடாலாம்மா. பூசி மெழுகச் சொல்லல. அப்புறமா அமைதியா எழுதிக் குடுப்போம். அன்னிக்குத் தலைவரும் உக்காந்திருப்பாரு.”

“அதுக்குள்ள எல்லா ஊருக்கும் அந்தச் சட்டம் போயிரும் ஹேஸ்டிங்ஸ். இன்னும் எத்தன எனிஃபா.”

“உங்க மனசு ஆறணும்னு சொல்றீங்களா, இல்ல அவங்களுக்காகச் சொல்றீங்களா?”

லினெஸ் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அவன் அதற்கு மேல் தடுக்கவில்லை.

விழா அமர்க்களமாகத்தான் நடந்தது. வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகள், கோடு போட்ட கூடாரம், ஒரே மாதிரித் துணி உடுத்திய பெண்களின் ஆட்டம், நாக்கைச் சுழற்றிக் குலவை. மக்வெம்பா கோட்டு சூட்டில், முன் வரிசையில். அவருக்குப் பின்னால் சைமோனி. பணம் கொடுத்த அமைப்பின் அம்மாள் தலைநகரிலிருந்து வந்திருந்தார். பின் வரிசையில் சிலர், சாப்பாட்டுக்கு முன்பே பயணப்படி கொடுத்துவிடுவார்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

லினெஸ் எழுந்தாள். முதலில் தலைவர் முன் மண்டியிட்டுக் கை தட்டினாள். பிறகு மேடை ஏறி, கையில் வைத்திருந்த உரையைப் படிக்காமல் பேசினாள்.

“நம்பிரால யாரும் வீட்ல பிள்ள பெக்கலன்னு நாங்க கண்டுபிடிச்சோம். அது உண்மையில்ல. பொண்ணுங்க மேல தப்பில்ல. நாங்க கேட்ட விதம் தப்பு. அபராதம் வாங்குறவர பக்கத்துல வெச்சுக்கிட்டு, அபராதம் கட்டணுமான்னு கேட்டா யாரு உண்மை சொல்லுவாங்க? தலைவர் மரியாதைக்கு ஆள் அனுப்பினாரு. தனியாப் பேசணும்னு நாந்தான் பணிவாக் கேட்டிருக்கணும். கேக்கல. அதுக்கு அப்புறமும் எனக்குத் தெரிஞ்சத மறைச்சேன். அதனால ஒரு குழந்த போயிருச்சு. அந்தப் பாவம் என்னோடது.”

லினெஸ் எதிர்பார்த்தது வசவு. நிறுவனத்தை மூட்டை கட்டச் சொல்வார்கள், ஹேஸ்டிங்ஸின் மனைவி சாபம் விடுவாள், அதெல்லாம் தனக்குத் தகும் என்று தயாராக நின்றாள். நடந்தது வேறு. தலைநகரத்து அம்மாள் எழுந்து கை தட்ட ஆரம்பித்தார். ஒவ்வொருவராக எல்லோரும் தட்டினார்கள். தன் தவறைத் தானே சொல்கிற நிறுவனம்தான் நமக்குத் தேவை என்று அந்த அம்மாள் ஒலிபெருக்கியில் சொன்னார். சட்டத்தை மற்ற ஊர்களுக்குக் கொண்டுபோவது நிறுத்தப்படும், ‘இஃபே தொம்வே’ நம்பிராவில் மறுபடி ஒழுங்காகக் கேட்கட்டும், அதற்குப் பிறகு இன்னும் பெரிய வேலைகள் காத்திருக்கின்றன என்றார். புகைப்படக்காரர் லினெஸைச் சிரிக்கச் சொன்னார்.

செத்த குழந்தைக்காகக் கைதட்டு வாங்கினோம் என்று நினைத்துக்கொண்டே அவள் மேடையை விட்டு இறங்கினாள்.

சாப்பாட்டு நேரத்தில் மக்வெம்பா அவளைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கோழிக்காலைச் சோளக்களியோடு சேர்த்து உருட்டிக்கொண்டே, தாழ்ந்த குரலில் கேட்டார். “எந்த வீட்டுப் பொண்ணும்மா?”

“அத மட்டும் கேக்காதீங்க தலைவரே. உங்க காலப் புடிச்சுக்கறேன்.”

“சொல்ல வேணாம். கேக்கல.” அவர் எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். “நான் கெட்டவன் இல்ல தாயி. என் தங்கச்சி ரத்தம் போயிச் செத்தா, நான் பாத்துக்கிட்டே நின்னேன். அதுக்குத்தான் அந்தச் சட்டம். இன்னிக்கு இத்தன பேரு முன்னாடி என் ஊரு பொய் சொல்லுதுன்னு ஆயிருச்சு. என் ஊர்ல வயித்தத் தள்ளிக்கிட்டு இருந்தவ யாரு, இப்ப கையில பிள்ள இல்லாம இருக்கறவ யாருன்னு எனக்கா தெரியாது?”

எனிஃபாவை எச்சரிக்க அன்று மாலையே லினெஸ் நம்பிராவுக்குச் சொல்லியனுப்பப் பார்த்தாள். யாரிடம் சொல்லியனுப்புவது? அந்த ஊருக்குப் போகிற மினிபஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தவன் சைமோனி.

மறுபடி கேட்கும் வேலை தொடங்கியபோது அவள் எல்லாம் சரியாகச் செய்தாள். தலைவரிடம் முறைப்படி மண்டியிட்டாள். கூட ஆள் வேண்டாம் என்று பணிந்து கேட்டாள். “தாராளமாப் போம்மா, தனியாவே போ,” என்று மக்வெம்பா புன்னகைத்தார். சைமோனி வரவில்லை. வர வேண்டிய அவசியம் இல்லை. அதற்கு முன்பே ஒவ்வொரு வீட்டிலும் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்திருந்தான்.

பாய் விரித்தார்கள். சோப்பக்கா என்று யாரும் கிண்டல் செய்யவில்லை. கேட்டதற்கு மரியாதையாகப் பதில் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில். ஆஸ்பத்திரியில். ஒருத்தி, கேள்வி முடியும் முன்பே சொல்லிவிட்டாள்.

எனிஃபாவின் வீட்டுக்கு அவள் கடைசியாகப் போனாள். வேலிக்கு வெளியே நின்று குரல் கொடுத்தாள். எனிஃபா வந்து, சிரித்த முகமாகப் பாய் விரித்து, தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஆடு கட்டும் முளையில் கயிறு இல்லை.

“நான் தனியாத்தான் வந்திருக்கேன் எனிஃபா. யாரும் இல்ல.”

“தெரியும் அக்கா. கேளு.”

“கேக்க வரல.”

“வேலைன்னு வந்துட்டுக் கேக்காமப் போனா எப்படி? கேளு.”

லினெஸ் வாயைத் திறந்தாள். கடைசிப் பிள்ளை எங்கே பிறந்தது என்ற கேள்வியை அவளால் கேட்க முடியவில்லை. எனிஃபாவே அதைக் கேட்டு, எனிஃபாவே பதிலும் சொன்னாள். “எனக்குப் பிள்ளையே பொறக்கல அக்கா. அப்படியே எழுதிக்க.”

அவள் ரவிக்கையின் ஒரு பக்கம் பாலில் நனைந்திருந்தது. அவளும் அதைக் குனிந்து பார்த்தாள். மறைக்கவில்லை.

“என்ன மன்னிச்சிரு எனிஃபா,” என்றாள் லினெஸ். அழுகையில் பாதி வார்த்தைதான் வெளியே வந்தது.

“எதுக்கு அக்கா?” என்றாள் எனிஃபா. “இங்கதான் ஒண்ணுமே நடக்கலையே.”